ஓரத்தில் தைத்த கொலுசு

ஏழு வருஷம் உடம்பில் ஒரு பொட்டு உலோகம் இல்லாமல் வேலைக்குப் போய் வந்தவள் நான். கொக்கி கிடையாது, ஜிப் கிடையாது, கம்மல் கிடையாது, ஹேர்பின்கூடக் கிடையாது. ஒரகடத்தில் சர்க்யூட் போர்டு செய்கிற தொழிற்சாலை. லைனுக்குள் நுழையும் இடத்தில் கதவில்லாத நிலைப்படி மாதிரி ஒரு சட்டம் நிற்கும். துணியில் குண்டூசி ஒன்று மறந்து ஒட்டியிருந்தாலும் ஊரைக் கூட்டிவிடும். உள்ளே போகும்போது உரசி போர்டைக் கெடுத்துவிடக் கூடாது, வெளியே வரும்போது எதையும் மறைத்துக் கொண்டுபோகக் கூடாது, இரண்டுக்கும் சேர்த்து அந்த ஒரே சட்டம். கத்தினால் செக்யூரிட்டி அக்கா நம்மை ஓரமாக நிறுத்தி, கையில் இருக்கும் கருவியால் தடவிப் பார்த்து, நோட்டில் எழுதுவார்.

நோட்டில் பெயர் ஏறியவளைப் பார்க்கிற பார்வையே வேறு. அதனால் எங்கள் பக்கத்துப் பெண்கள் துணி எடுப்பது தனி ரகம். கடையில் கலரைப் பார்ப்பதற்கு முன்னால் முதுகைத் திருப்பி ஜிப் இருக்கிறதா என்று பார்ப்போம். ஜிப் இருந்தும் மனசு கேட்காமல் எடுத்துவிட்டால், நேராக ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் இருக்கும் தையல்காரரிடம் போவோம். வாசலில் அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருப்பார்: 'மெட்டல் எடுத்துத் தரப்படும்.' தைப்பதைவிட எடுப்பதுதான் அவருக்கு வேலை. ஜிப்பைப் பிரித்து பிளாஸ்டிக் பட்டன் வைப்பார். பூவேலைக்கு நடுவில் கோத்த மணிகளை விரலால் தடவித் தடவி ஒவ்வொன்றாக வெட்டுவார். கடைசியில், பழைய ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய காந்தத்தைத் துணி முழுக்க ஓட்டிவிட்டு, "மெட்டல் இல்ல. தைரியமா போட்டுக்கோ" என்று கையில் கொடுப்பார். அவர் கொடுத்த துணி சட்டத்தில் கத்தியதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பங்குனி தொடக்கத்தில் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். புதிதாகச் சேரும் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க, லைனில் இருப்பவர்களிலிருந்தே ஒரு ட்ரெய்னரை எடுக்கப் போகிறார்களாம். அதைப் படித்த நிமிஷத்திலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. ட்ரெய்னருக்கு ஷிஃப்ட் மாறாது, நாள் முழுக்க நிற்க வேண்டாம். எல்லாவற்றையும்விட, ட்ரெய்னர் சொந்தத் துணியில் வரலாம். இந்தக் கடைசிக் காரணத்தைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. லைனில் எல்லோருக்கும் துணிக்கு மேலே காலர் வைத்த நீல ஸ்மாக், தொப்பி, மாஸ்க். கண் மட்டும்தான் தெரியும். இரண்டு வருஷம் எனக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை பஜாரில் என் தோளை இடித்துவிட்டு, யாரோ எவரோ என்பதுபோல "சாரிக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. அவள்மேல் இல்லை, அந்த நீலத்தின்மேல்.

பெயர் கொடுத்தேன். இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டு வந்த மெயிலில் கடைசி வரி இப்படி இருந்தது: உடை, மாடஸ்ட் ஃபார்மல்ஸ். ஃபார்மல்ஸ் எனக்குத் தெரியும், ஆம்பிளைகள் இன் பண்ணிக்கொண்டு வருவது. மாடஸ்ட் என்றால் அடக்கம் என்று போன் சொன்னது. அடக்கம் என்றால் எவ்வளவு அடக்கம்? சூப்பர்வைசரைக் கேட்டேன். "டீசன்டா வாம்மா" என்றார். அதையும் போனில்தான் தேட வேண்டியிருந்தது.

பென்னலூரில் கம்பெனி பஸ் ஏறி ஒரகடத்தில் இறங்குவதற்குள் தேடித் தேடி ஒரு பக்கத்தில் போய் விழுந்தேன். அந்தக் காலத்துப் பெரிய டிசைனர்களின் உடைகளைப் பார்த்துச் செய்த, வசந்த காலத்துக்கான, அடக்கமான உடைகள். வசந்தமாம். எங்களுக்கு மாசியில் ஒரு வாரம் காற்று நன்றாக இருக்கும், அப்புறம் வியர்வைதான். அந்தப் பக்கத்துப் பெண்கள் முழங்காலுக்குக் கீழே இறங்கிய நேர்ப் பாவாடையும், கழுத்தில் நாடா முடிச்சுப் போட்ட முழுக்கைச் சட்டையும், வெள்ளை ஷூவும், தலையில் பட்டுத் துணியுமாக ஏதோ மரத்தடியில் நின்றார்கள். நான் ஒவ்வொன்றாக மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். நேர்ப் பாவாடை கட்டிக்கொண்டு கம்பெனி பஸ் படி ஏற முடியாது, சிங்கப்பெருமாள் கோவில் ஷேர் ஆட்டோவில் நாலாவது ஆளாக நெருக்கி உட்கார்ந்தால் தையல் விட்டுவிடும். வெள்ளை ஷூ எங்கள் ரோட்டில் கன்டெய்னர் லாரி இரண்டு போனால் செங்கல் நிறமாகிவிடும். கழுத்து நாடாவைப் பார்த்ததுமே, இது மெஷினில் மாட்டுமே என்றுதான் எனக்குத் தோன்றியது. தலையில் துணி கட்டினால் ஜுரமா என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள்.

கடைசிப் படத்தில்தான் அந்தக் கோட்டு. காலர் இல்லை. எங்கேயும் பிடிக்காமல் தோளிலிருந்து இடுப்பு வரை நேராக இறங்கும் வெட்டு, மணிக்கட்டு வரை கை, சந்தன நிறம், சுற்றிலும் கறுப்புக் கரை. அடக்கம் என்றால் அப்படி ஓர் அடக்கம், ஆனால் போட்டிருந்தவள் யாருக்கும் அடங்குகிறவள் மாதிரித் தெரியவில்லை. கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான் உறைத்தது. எங்கள் ஸ்மாக்கில் காலரை மட்டும் கழித்துவிட்டால் அது இந்தக் கோட்டுதான். ஏழு வருஷம் நான் வெறுத்த அதே வெட்டைப் போட்டுக்கொண்டு ஒருத்தி மகாராணி மாதிரி நிற்கிறாள். அப்போதே முடிவு செய்துவிட்டேன், இன்டர்வியூவுக்கு இதுதான். படத்துக்குக் கீழே ஒரு குறிப்பும் இருந்தது. இந்தக் கோட்டின் உள் ஓரத்தில், சுற்றிலும் மெல்லிய சங்கிலி ஒன்றை வைத்துத் தைப்பார்களாம். அந்த எடையில்தான் கோட்டு எங்கேயும் தூக்காமல் நேராக விழுமாம்.

அந்த மாதிரித் துணி ஸ்ரீபெரும்புதூரில் ஏது? ஜன்னல் திரைக்கு வைத்திருந்த தடித்த சந்தன நிறத் துணியை வாங்கிக்கொண்டு தையல்காரரிடம் போனேன். போனில் படத்தைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தார். ஒரு வாரத்தில் தைத்தும் விட்டார். போட்டுப் பார்த்தால் தோள் அருமையாக உட்கார்ந்தது, கீழே மட்டும் முறம் மாதிரி விரித்துக்கொண்டு நின்றது. திரைத் துணியின் குணம் அது. பின்னால் தட்டினால் முன்னால் தூக்கியது.

வீட்டுக்கு வந்ததும் என்னால் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

"இன்னாடி எப்பப் பாத்தாலும் காலை ஆட்டிக்கினே கீற? சோத்த துன்னு மொதல்ல" என்றாள் அம்மா. அவளும் பக்கத்துக் கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்ப்பவள், களைத்துப்போய் வந்திருந்தாள்.

ஆடுகிற என் காலை நானே பார்த்தேன். வேலையில் சேர்ந்த முதல் நாள் கழற்றி வைத்த வெள்ளிக் கொலுசு ஞாபகம் வந்தது. நான் வயசுக்கு வந்தபோது அம்மா வாங்கிப் போட்டது. பீரோவில் துணிக்கு அடியில் கறுத்துப்போய்க் கிடந்தது. எதற்கு என்று அம்மாவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால் ஒரு பெருமூச்சு விட்டாள். "கால்ல போட வுடாதத இடுப்புல போட்டுக்கப் போறியா? எடுத்துக்கோ, சும்மாதான கீது" என்றாள். சலங்கை மணிகளை எல்லாம் கழற்றி அவளே ஒரு டப்பாவில் போட்டு வைத்தாள். மணி போனதும் அது வெறும் கறுத்த சங்கிலிதான்.

தையல்காரர் அதைக் கையில் வாங்கவே இல்லை.

"இன்னாம்மா, வெளிய எடுக்கறவன்கிட்ட உள்ள வெக்கச் சொல்ற?"

"லைனுக்குப் போற துணி இல்லண்ணா. இன்டர்வியூ ஆபீஸ் பக்கம். அங்க சட்டம் கிடையாது."

"வேணாம்மா. ஓரத்த ரெண்டா மடிச்சி அடிச்சித் தரேன், அந்த வெயிட்டே போதும்."

"மடிச்சி அடிச்சா படத்துல இருக்கற மாதிரி விழாதுண்ணா."

நான் ஒற்றைக்காலில் நின்றேன். நாலு தரம் வேண்டாம் என்றார், நாலு தரமும் விடவில்லை. கடைசியில் கொலுசை வாங்கி, இரண்டையும் ஒரே நாடாவில் முன்னும் பின்னுமாகக் கோத்து, உள் ஓர மடிப்புக்குள் விட்டுக் கையாலேயே தைத்தார். "என் கடைல இருந்து மெட்டலோட போற மொத துணி இது" என்று சொல்லித்தான் கொடுத்தார். காந்தத்தை எடுக்கவில்லை. கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்தேன். கோட்டு அப்படியே நேராக, கனமாக, அமைதியாக இறங்கியது. அதற்குள் இருந்த நானும் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தேன். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

இன்டர்வியூ அன்றைக்கு ஆபீஸ் வாசல் வழியாகத்தான் போனேன். வெயில் கொளுத்தியதால் கோட்டுக்கு உள்ளே கையில்லாத பனியன் மட்டும். கோட்டை எதற்காகக் கழற்றப் போகிறோம் என்ற தைரியம். ஏசி அறையில் மூன்று பேர். எச்ஆர் மேடமும் இரண்டு சார்களும். மேடம் நான் உள்ளே வந்ததிலிருந்து உட்காரும்வரை கோட்டைப் பார்த்தார். "நைஸ் ஜாக்கெட்" என்றார். ஏழு வருஷத்தில் அந்தக் கம்பெனியில் என்னை ஒருவர் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அது. கேட்ட கேள்விக்கெல்லாம் கடகடவென்று பதில் சொன்னேன். வேலை என் கைக்கு வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அப்போது ஒரு சார், "ஒரு சின்ன டெமோ பார்த்துடலாமா? புதுசா வர்ற பெண்களுக்கு லைனுக்குள்ள எப்படிப் போகணும்னு சொல்லிக்கொடுங்க. வாங்க, அங்கேயே போய்ப் பண்ணலாம்" என்று எழுந்தார்.

ட்ரெய்னர் வேலைக்கு வந்தவளை ட்ரெயினிங் கொடுத்துக் காட்டு என்று கேட்பார்கள் என்பது எனக்கு எப்படித் தோன்றாமல் போனது? ஏழு வருஷம் ஒரு கொக்கிக்குக்கூடப் பயந்தவள், இடுப்பைச் சுற்றி இரண்டு கொலுசைக் கட்டிக்கொண்டு அந்தச் சட்டத்தை நோக்கி நடந்தேன். வேறு யாரும் செய்யாத முட்டாள்தனம்.

கத்தியது. செக்யூரிட்டி அக்கா தினமும் என்னைப் பார்ப்பவர். கருவியை என் தோளில் வைத்தார், சத்தமில்லை. இடுப்பில் வைத்து ஒரு சுற்று வந்தார், சுற்று முழுக்கக் கத்தியது. ஸ்மாக் மாட்டியிருக்கும் ரேக் சட்டத்துக்கு அந்தப் பக்கம். கோட்டைக் கழற்றினால் கையில்லாத பனியனோடு அந்த மூன்று பேர் முன்னால் நிற்க வேண்டும், அடக்கமாக வா என்று எழுதி அனுப்பியவர்கள் முன்னால். "அறுத்துடுங்கக்கா" என்றேன். அக்கா அட்டைப்பெட்டி பிரிக்கும் பிளேடால் ஓரத் தையலை நாலு விரல் நீளத்துக்கு அறுத்து, உள்ளே விரலை விட்டு இழுத்தார். கொலுசு முழுசாக வெளியே வந்து தட்டில் விழுந்தது.

"என்ன இது? உள்ள வெச்சுத் தைச்சிருக்கு?" என்றார் மேடம்.

மறைத்துக் கொண்டுவந்தேன் என்று ஆனால் ட்ரெய்னர் வேலை போவது இருக்கட்டும், லைன் வேலையே போகும். யோசிக்கவில்லை, வாய் தானாகச் சொன்னது.

"செயின் மேடம். கோட்டு நேரா விழறதுக்கு டெய்லர் அவராவே வெச்சுட்டார்போல. எனக்குத் தெரியாது மேடம்."

அக்கா அதை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தார். மணியைக் கழற்றினால் மட்டும் கொலுசை அடையாளம் தெரியாதா? என் முகத்தைப் பார்த்தார். "எந்தக் கட?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். நோட்டில் எழுதினார்.

அதற்கப்புறம் நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசும். அந்தத் தட்டைத் தூக்கிக் காட்டி, "பாத்தீங்களா, நமக்கே தெரியாம நம்ம துணியில மெட்டல் வரும். அதனால புதுத்துணிய வீட்டுலயே தடவிப் பாத்துட்டு வரணும்" என்று டெமோவைத் தொடங்கிவிட்டேன். சார்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். பிரசன்ஸ் ஆஃப் மைண்ட் என்றார் ஒருவர். அடுத்த திங்கட்கிழமை வேலை எனக்கென்று சொல்லிவிட்டார்கள்.

அதே வாரம் வாசலில் ஒரு நோட்டீஸும் வந்தது. ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு எதிர்ச் சந்தில் உள்ள தையல் கடையில் மாற்றிய துணிகளை அணிந்து வர வேண்டாம், அங்கே தைத்த உடையில் உலோகம் இருந்தது என்று. புதிய பெண்களுக்குக் கடைசியாகப் படித்துக் காட்ட வேண்டியவற்றில் அதையும் சேர்த்து என்னிடமே கொடுத்தார்கள். முதல் பேட்சுக்குப் படித்தேன். இரண்டாவது பேட்சுக்கு அந்த வரியை மட்டும் முழுங்கி முழுங்கிப் படித்தேன். சொந்தத் துணியில்தான் நின்றேன், ஆனால் வகுப்பில் உட்கார்ந்தால் கால் ஆடியது, பஸ்ஸில் ஆடியது, வீட்டில் பாயில் படுத்தாலும் ஆடியது.

கிழிந்த கோட்டை எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை அவர் கடைக்குப் போனேன். வாசலில் அட்டை இல்லை. எப்போதும் பெண்கள் நெருக்கிக்கொண்டு நிற்கும் இடத்தில் ஒருத்தரும் இல்லை. மெஷினில் ஏதோ ஸ்கூல் யூனிஃபார்ம் பாதியில் கிடந்தது. சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன், போட்டிருந்தால் எனக்கும் ஆறியிருக்கும். கோட்டை வாங்கி அறுந்த இடத்தைப் பார்த்தார்.

"பொண்ணுங்க வந்து சொன்னாங்க" என்றார். "பத்து வருஷமா ஒரு கொக்கி வுட்டதில்லம்மா நான்."

"அண்ணா, அன்னைக்கு வேற வழி தெரியலண்ணா..."

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் ஓரத்தை வெறுமையாகவே மடித்து, அறுந்தது தெரியாதபடி தைத்தார். பிறகு அலமாரியிலிருந்து காந்தத்தை எடுத்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று நன்றாகத் தெரிந்தும், கோட்டு முழுக்க ஒருமுறை பொறுமையாக ஓட்டினார்.

"மெட்டல் இல்ல. தைரியமா போட்டுக்கோ" என்றார்.

வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் கோட்டை நான் மறுபடி போடவில்லை.

மூன்றாவது பேட்ச் ஐம்பது பெண்கள். பாதிப் பேர் திருவண்ணாமலைப் பக்கம், மீதி தெற்கே எங்கெங்கோ. காலையில்தான் நான் சொல்லி எல்லோரும் கொலுசைக் கழற்றியிருந்தார்கள், பாலிதீன் கவரில் போட்டு மடியில் வைத்திருந்தார்கள். யாராவது அசைந்தால் மடியில் சத்தம் வந்தது. என் முதல் மாத வேலையைப் பார்க்க மேடம் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நோட்டீஸைப் படித்தேன். முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

"அக்கா, எங்கிட்ட இருக்கற எல்லாச் சுடிதாரும் ஜிப்புதான். அந்தக் கடைல குடுக்கக் கூடாதுன்னா வேற எங்கக்கா குடுக்கறது?"

"அங்கயே குடு" என்றேன்.

மேடம் தலையைத் தூக்கினார். "நோட்டீஸ்ல வேற மாதிரி இருக்கே?"

"நோட்டீஸ் தப்பு மேடம். அந்தக் கோட்டு என்னோடது. உள்ள இருந்தது என் கொலுசு. அவர் வேணாம் வேணாம்னுதான் சொன்னார், நான்தான் வெக்கச் சொன்னேன். அன்னைக்கு உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

ஐம்பது மடியிலும் ஒரு கவர்கூடச் சத்தம் போடவில்லை. "கிளாஸ் முடிச்சிட்டு என் ரூமுக்கு வாங்க" என்றார் மேடம். ரூமில் என்ன நடந்தது என்பதை நீட்டுவானேன். நோட்டீஸைக் கிழித்தார்கள், என்னை லைனுக்கே அனுப்பினார்கள். இப்போதும் நீல ஸ்மாக்தான். சொன்னதற்காக என்னை யாரும் மெச்ச வேண்டாம். மூன்று வாரம் அவர் கடை வாசலைக் காலியாக்கிவிட்டுத்தான் சொன்னேன்.

ஆனால் ரூமுக்குப் போவதற்கு முன்னால் வகுப்பை முடிக்க வேண்டியிருந்தது. ட்ரெய்னராக நான் கடைசியாகச் சொல்லிக்கொடுத்தது வழிதான். "பஸ் ஸ்டாண்டுல எறங்கி எதிர்ச் சந்து, நாலாவது கடை. வாசல்ல அட்டை இருக்காது. உள்ள ஒருத்தர் காந்தம் வெச்சிக்கினு இருப்பார், அவர்தான்."

முன்வரிசைப் பெண் நோட்டில் எழுதிக்கொண்டாள். பின்னாலிருந்து ஒருத்தி, "அக்கா, கேக்கல, திருப்பிச் சொல்லுங்க" என்றாள். மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திருப்பிச் சொன்னேன்.